மூன்றாவது சிலை

ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாம் நூலும் இறுதி நூலுமான ‘டெத்லி ஹாலோஸ்’ 2007 ஜூலை 21 அன்று வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்தில் பிரிட்டனில் ஏறத்தாழ 26.5 இலட்சம் படிகளும் அமெரிக்காவில் 83 இலட்சம் படிகளும் விற்றன. அன்று தொடங்கி இன்றுவரை அந்நூலைப் பற்றி எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டே வகைப்பட்டது. விற்பனை எண்ணிக்கையையே தகுதிச் சான்றாகக் காட்டிக் கொண்டாடுவோர் ஒருபுறம். அதே எண்ணிக்கையைக் குற்றச்சாட்டாக மாற்றி, இத்தனை பேர் வாசிக்கும் நூல் இலக்கியமாக இருக்க இயலாது என்று ஒதுக்குவோர் மறுபுறம். இரண்டாம் சாராருக்குப் பெரிய பெயர்களின் துணையும் உண்டு. 2000ஆம் ஆண்டிலேயே ஹெரால்ட் புளூம் இத்தொடரை வன்மையாக நிராகரித்து எழுதினார். 2003இல் ஏ. எஸ். பையட், இதில் மயங்கும் வளர்ந்த வாசகர்களைச் சாடினார். இவ்விரு சாராருக்கும் பொதுவான ஒன்று உண்டு: இத்தொடர் எதைக் கேள்வியாக எழுப்பியது, அக்கேள்வியை எப்படி முடித்தது என்பது இருவருக்குமே பொருட்டில்லை.

எனக்கு அதுதான் பொருட்டு. இந்நூல் சிறுவர்க்கானது என்பதோ, அதன் நடை எளியது என்பதோ என் குற்றச்சாட்டு அன்று. ஆசிரியர் ஜே. கே. ரௌலிங் பிற்காலத்தில் பொதுவெளியில் கூறிவரும் கருத்துகளுக்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பில்லை. என் வழக்கு பிரதிக்குள் மட்டுமே நிற்கிறது. இத்தொடர், அடிமைத்தனம் என்னும் பெருங்கேள்வியைத் தானே எழுப்பியது. அதை இறுதி நூலில் தொடரின் உச்சத்திற்கே கொண்டு சென்றது. விடை சொல்ல வேண்டிய இடம் வந்ததும் ஒரு சாண்ட்விச்சைப் பற்றி நினைத்துக்கொண்டு உறங்கப் போய்விட்டது. இது மிகையன்று என்பதைக் காட்டுவதே என் நோக்கம்.

*

முதலில் இரண்டு சிலைகளைப் பார்ப்போம்.

2003இல் வந்த ஐந்தாம் நூலில், மந்திர அமைச்சகத்தின் முகப்புக் கூடத்தில் பொன்னாலான ஒரு நீரூற்றுச் சிற்பம் உள்ளது. நடுவே ஒரு மந்திரவாதியும் ஒரு மந்திரக்காரியும் நிமிர்ந்து நிற்கிறார்கள். அவர்களைச் சுற்றி ஒரு குதிரைமனிதன், ஒரு கோப்ளின், ஒரு வீட்டுக் குறளி ஆகிய மூவரும் அண்ணாந்து பார்த்துப் பரவசப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். (ரௌலிங் ‘ஹவுஸ் எல்ஃப்’ என்று குறிப்பிடும் உயிரையே குறளி என்கிறேன். மந்திரவாதியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்யும் சிற்றுருவம் என்ற பொருளில் அச்சொல் நம்மிடம் முன்பே உண்டு.) பதினைந்து வயது ஹாரி அதன் அருகில் சென்று பார்க்கும்போதே பொய் வெளிப்பட்டுவிடுகிறது. எந்தக் குதிரைமனிதனும் எந்தக் கோப்ளினும் மனிதரை இப்படிப் பார்க்கமாட்டார்கள்; குறளியின் பணிவு ஒன்றுதான் நம்பும்படி இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றுகிறது. அந்நூலின் இறுதியில் டம்பிள்டோருக்கும் வோல்டமோர்ட்டுக்கும் நடக்கும் மோதலில் அச்சிற்பம் உடைந்து சிதறுகிறது. பின்னர் டம்பிள்டோரே ஹாரியிடம் ஒப்புக்கொள்கிறார்: நாம் உடைத்த அந்த நீரூற்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது, மந்திரவாதிகளாகிய நாம் பிற இனத்தாரை நெடுங்காலம் இழிவாக நடத்தினோம், அதன் பயனை இப்போது அறுக்கிறோம்.

ஏழாம் நூலில் வோல்டமோர்ட்டின் ஆட்கள் அமைச்சகத்தைக் கைப்பற்றியபின் அதே கூடத்தில் கருங்கல்லாலான வேறொரு சிலை எழுகிறது. ஒரு மந்திரவாதியும் ஒரு மந்திரக்காரியும் அரியணைகளில் வீற்றிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அவ்வரியணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கப்பட்ட மனித உடல்களால் ஆனவை. மந்திரம் அறியாத எளிய மனிதரின் உடல்கள். இதை ஹாரிக்குச் சுட்டிக்காட்டுபவள் ஹெர்மயனி.

முதற்சிலை இனிக்கும் பொய். இரண்டாம் சிலை, அப்பொய் மறைத்து வைத்திருந்த ஆதிக்கத்தின் அப்பட்டமான உருவம். இரண்டையும் ஒரே கூடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய ஆசிரியர் கைவண்ணம் தெரிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. கொடுங்கோலன் வானத்திலிருந்து குதித்தவனல்லன், ‘நல்ல’ சமூகத்தின் பொன்முலாம் உதிர்ந்தபோது உள்ளேயிருந்து வெளிப்பட்டவன் என்பதே அதன் பொருள். அப்படியானால் வாசகனுக்கு ஒரு கேள்வி இயல்பாகவே எழும். போர் முடிந்து கருங்கல் சிலையும் அகற்றப்பட்டபின், அவ்விடத்தில் நிற்கப்போகும் மூன்றாவது சிலை எது? அதில் யார் நிற்பார்கள், யார் அண்ணாந்து பார்ப்பார்கள்?

நூல் அந்தக் கூடத்திற்கு மீண்டும் திரும்பவே இல்லை.

*

இக்கேள்வியை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. இறுதி நூலின் மிகச் சிறந்த மூன்று பகுதிகளும் இதைப் பற்றியவையே.

முதலாவது, கிரீச்சரின் கதை. கிரீச்சர், பிளாக் குடும்பத்தின் பரம்பரை அடிமையான முதிய குறளி. அம்மாளிகையின் சுவரில், மூப்பெய்தித் தேநீர்த் தட்டைத் தூக்க இயலாமற்போன குறளிகளின் தலைகள் வெட்டி மாட்டப்பட்டிருக்கின்றன. தன் தலையும் ஒருநாள் அங்கே இடம்பெற வேண்டும் என்பது கிரீச்சரின் வாழ்நாள் விருப்பம். அடிமைத்தனம் ஒருவனுடைய உழைப்பை மட்டுமல்லாமல் ஆசையையும் எப்படி உருவாக்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது. ஐந்தாம் நூலில் அவன் எசமானனாகிய சிரியஸைக் காட்டிக்கொடுக்கிறான், சிரியஸ் இறக்கிறான். ஏழாம் நூலில்தான் அவன் பக்கத்துக் கதை நமக்குத் தெரிகிறது. தன் இரகசியத்திற்குக் காவலாக வைத்த நஞ்சைச் சோதித்துப் பார்க்க வோல்டமோர்ட் ஒரு குறளியைக் கேட்டதும், சிரியஸின் தம்பி ரெகுலஸ் அவனை அனுப்பியதும், அக்குகையில் அந்நஞ்சைக் குடிக்கச் செய்து சாகும்படி விட்டுச் சென்றதும், வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டளை ஒன்றே அவனை மீட்டதும் அவன் வாயாலேயே வெளிவருகின்றன. குறளிகளுக்கென்று தனி மந்திர ஆற்றல் உண்டு என்பது வோல்டமோர்ட்டின் எண்ணத்திலேயே இல்லை. பணியாளரின் ஆற்றலைக் காணாத கண்ணே அவன் வீழ்ச்சியின் தொடக்கம். ரெகுலஸோ தன் குறளிக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அறிந்தபின் வோல்டமோர்ட்டுக்கு எதிராகத் திரும்பி, அதே குகையில் உயிர்விடுகிறான்.

இரண்டாவது, டாபியின் அடக்கம். இரண்டாம் நூலிலேயே விடுதலை பெற்ற குறளி டாபி, ஹாரியையும் நண்பர்களையும் மீட்க வந்து கத்தி பாய்ந்து இறக்கிறான். மந்திரக்கோலை ஒருமுறை அசைத்தால் குழி தயாராகிவிடும் உலகில், ஹாரி மண்வெட்டி எடுத்துத் தன் கையாலேயே குழி தோண்டுகிறான். தன் மேற்சட்டையால் உடலைப் போர்த்துகிறான். ரான் தன் காலணியையும் காலுறையையும் கழற்றி அந்தக் கால்களுக்கு அணிவிக்கிறான். டீன் ஒரு கம்பளித் தொப்பியைத் தருகிறான். குறளிக்கு ஆடை கொடுத்தால் விடுதலை என்பது அவ்வுலகின் சட்டம். அச்சட்டம் இங்கே ஈமச்சடங்காக மாறுகிறது. கல்லில் ஹாரி பொறிப்பதும் அவன் விடுதலையைத்தான். ஏழு நூல்களிலும் இதற்கு ஈடான பக்கங்கள் இல்லை என்பேன்.

மூன்றாவது, கிரிப்ஹூக் என்ற கோப்ளினுடன் நடக்கும் பேரம். கிரிஃபிண்டாரின் வாள் கோப்ளின்கள் செய்தது. செய்தவனே ஒரு பொருளின் உரிமையாளன், விலை கொடுத்தவன் தன் வாழ்நாள்வரை வாடகைக்குப் பெற்றவன் மட்டுமே, அவன் இறந்தபின் பொருள் செய்தவரிடம் திரும்ப வேண்டும் என்பது கோப்ளின்களின் சொத்துக் கோட்பாடு. உழைப்பே உடைமைக்கு மூலம் என்ற இந்த வாதத்தை ரௌலிங் கேலியாக எழுதவில்லை. மந்திரக்கோல் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கோப்ளின்களுக்கு மறுத்து வந்த வரலாற்றையும் கிரிப்ஹூக் எடுத்துரைக்கிறான். மந்திரவாதிகள் எழுதிய வரலாறு பிற இனத்தாருக்கு இழைத்தவற்றைப் பூசிமெழுகிவிடும் என்பதை ஹெர்மயனியே ஒப்புக்கொள்கிறாள். இருந்தும் ஹாரி ஒரு தந்திரம் செய்கிறான். வாளைத் தருவதாக வாக்களிக்கிறான். எப்போது தருவான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறான். அந்நேரம் அவன் நினைவுக்கு வருவது, பெரிய நன்மைக்காகச் சிறிய அநீதி செய்யலாம் என்ற பொருளில் கிரிண்டல்வால்ட் என்னும் முந்தைய கொடுங்கோலன் தன் சிறை வாயிலில் பொறித்து வைத்த வாசகம். அவன் உள்ளம் உறுத்துகிறது. அந்த எண்ணத்தைத் தள்ளிவிடுகிறான்.

இம்மூன்றையும் எழுதிய கை, கேள்வி தெரியாத கை அன்று. அதனால்தான் முடிவு என்னைச் சினங்கொள்ளச் செய்கிறது.

*

முடிவுக்கு வருவோம். முதலில் வாள். ஏமாற்றப்படுவோம் என்று உணர்ந்த கிரிப்ஹூக், கிரிங்காட்ஸ் வங்கிக்குள் வாளைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுகிறான். இறுதிப் போரில் அதே வாள் ஹாக்வார்ட்ஸின் பழைய தொப்பியிலிருந்து நெவிலின் கைக்கு வந்து பாம்பின் தலையைக் கொய்கிறது. வாசகன் கைதட்டுகிறான். தகுதியுள்ளவனுக்கு வாள் தானே வந்துசேரும் என்பது அதன் மந்திரம் என்று விளக்கமும் தரப்படும். தொப்பியும் அதே கிரிஃபிண்டாரின் தொப்பி என்பதை மறந்துவிடலாகாது. யாருடைய வாள் என்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, வழக்காடும் ஒரு தரப்பின் தொப்பி தீர்ப்பெழுதிவிட்டது. மேல்முறையீட்டுக்குக் கோப்ளின்கள் யாரும் மேடையில் இல்லை. கிரிங்காட்ஸ் கொள்ளையை அறிந்த வோல்டமோர்ட், செய்தி கொண்டுவந்த கோப்ளினையும் சேர்த்துக் கொன்று குவிக்கிறான். அவர்களுக்காக ஒரு வரி இரங்கலும் நூலின் இறுதியில் இல்லை.

அடுத்து கிரீச்சர். அவன் கதையைக் கேட்டபின் ஹாரி அவனிடம் கனிவாகப் பேசி, ரெகுலஸின் போலிப் பதக்கத்தைப் பரிசாகத் தருகிறான். கிரீச்சர் அடியோடு மாறுகிறான். வீடு பளிச்சிடுகிறது, வகைவகையாகச் சமையல் நடக்கிறது. ஒருநாள் மாலை உணவு ஆயத்தம் செய்து காத்திருக்கும் கிரீச்சரிடம் மூவரும் திரும்பிப் போகவே முடியாமல் போகிறது. அந்த உணவை ஹாரி ஏக்கத்துடன் நினைக்கிறான். அங்கே தனித்து விடப்பட்ட கிரீச்சரின் நிலை என்னவாயிற்று என்பதற்கு நூல் அந்த அளவு இடம்கூடத் தரவில்லை. பின்னர் இறுதிப் போரில், அந்தப் பதக்கம் மார்பில் துள்ள, ஹாக்வார்ட்ஸ் குறளிகள் அனைவருக்கும் தலைமையேற்றுச் சமையற்கத்திகளுடன் கிரீச்சர் களம் புகுகிறான். ஹாரியைக் குறளிகளின் காவலன் என்று முழங்குகிறான்.

அந்தக் காவலன், கிரீச்சருக்கு விடுதலை தந்தானா?

இல்லை. ஐந்தாம் நூலில் சிரியஸ் சொல்லும் காரணம், இயக்கத்தின் இரகசியங்கள் கிரீச்சருக்குத் தெரியும், விட்டால் எதிரியிடம் போய்விடுவான் என்பது. 2005இல் வந்த ஆறாம் நூலில் கிரீச்சர் மரபுரிமையாக ஹாரியின் கைக்கு வரும்போதும் அதே அச்சம்தான் நிலவுகிறது. போர்க்காலத்துக்கு அது பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். போர் முடிந்துவிட்டது. எதிரி இல்லை. காக்க வேண்டிய இரகசியமும் இல்லை. சொல்லப்பட்ட காரணம் ஒவ்வொன்றும் வோல்டமோர்ட்டோடு செத்துவிட்டது. இப்போது கொடுக்க வேண்டியது ஒரு துணி மட்டுமே. இறுதி அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தில் ஹாரி, தனக்காகக் காத்திருக்கும் கட்டிலை நினைக்கிறான். கிரீச்சர் அங்கே ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருவானா என்றும் நினைக்கிறான். அத்துடன் திரை விழுகிறது. அடுத்த பக்கத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

எனக்கு எதிராக வைக்கத்தக்க மிக வலிய சான்று ஒன்று நூலிலேயே உண்டு. அதை நானே எடுத்து வைக்கிறேன். வெற்றிக்குப்பின் ஹாக்வார்ட்ஸ் பெருங்கூடத்தில் நான்கு இல்லங்களுக்குமான மேசைகள் மீண்டும் போடப்படுகின்றன. ஆனால் யாரும் தத்தம் இல்லத்து மேசையில் அமரவில்லை. ஆசிரியரும் மாணவரும், ஆவிகளும் பெற்றோரும், குதிரைமனிதரும் குறளிகளும் கலந்து அமர்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அதுவே நான் தேடிய மூன்றாவது சிலை. கல்லாலும் பொன்னாலும் ஆகாமல், களைத்து ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்த உயிருள்ள உடல்களாலான சிலை. (அந்த வரிசையிலும் கோப்ளின் இல்லை என்பதைக் கவனிக்க.) ஆசிரியர் அங்கே நிறுத்தியிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இருந்திராது. சில பக்கங்கள் கழித்து, மேசையில் உடன் அமர்ந்திருந்த குறளி மாடிக்குச் சிற்றுண்டி சுமப்பவனாக நினைக்கப்படுகிறான். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னோ, தான் எந்த இல்லத்தில் சேர்க்கப்படுவோமோ என்று ஹாரியின் இளைய மகன் ரயில் நிலையத்தில் அஞ்சி நிற்கிறான். கலைந்த மேசைகள் அனைத்தும் ஒழுங்காகத் திரும்பிவிட்டன. அந்த ரயில் அன்றிரவு ஹாக்வார்ட்ஸைச் சேரும். அங்கே விருந்து காத்திருக்கும். அவ்வடுக்களையில் நூற்றுக்கும் மேற்பட்ட குறளிகள் கூலியின்றி உழைப்பதை நான்காம் நூலில் அறிந்து அதிர்ந்து உண்ண மறுத்த ஹெர்மயனி, இப்போது தன் மகளை அதே விருந்துக்கு வழியனுப்புகிறாள். அதைச் சமைத்தவர் யார், என்ன கூலிக்கு? ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லை.

*

இனி மறுப்புகள்.

போரில் களைத்த ஒரு பதினேழு வயதுப் பையன் பசியில் நினைத்ததை இவ்வளவு பெரிதாக்குவதா என்பர் சிலர். பையனைக் குறை கூறவில்லை. அவன் பசித்திருந்தான் என்பது உண்மை. எத்தனையோ எண்ணங்களில் எதைத் தேர்ந்து, எந்த இடத்தில் வைப்பது என்பது ஆசிரியரின் செயல். தமிழ் இலக்கணம் கற்ற எவருக்கும் எச்சத்துக்கும் முற்றுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். எச்சம் எத்தனை நீண்டாலும் பொருளை முடித்து வைப்பது முற்றே. தொடர் முழுவதும் எச்சமாக நீண்டு வந்த ஒரு கேள்விக்கு ஆசிரியர் வைத்த முற்று, அடிமை கொண்டுவரும் சிற்றுண்டி.

குறளிகளே அடிமைத்தனத்தை விரும்புகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. விடுவிக்கப்பட்ட விங்கி குடித்துச் சீரழிந்ததை நான்காம் நூல் காட்டுகிறதே என்பார்கள். இங்குதான் நாட்டார் மரபை நினைவூட்ட வேண்டும். ஆங்கில, ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் ‘பிரவுனி’ என்னும் வீட்டுக் குறளி இரவில் வந்து வேலை செய்யும். ஆடை கொடுத்தால் வீட்டைவிட்டுப் போய்விடும். கிரிம் சகோதரர்கள் தொகுத்த செருப்புத் தைப்பவன் கதையிலும் அப்படியே. அங்கே குறளி தன் விருப்பில் வருகிறது, தன் விருப்பில் போகிறது. எசமானன் கையால் ஆடை தந்தாலொழிய விலகவே முடியாது என்ற விலங்கும், கட்டளை மீறினால் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் தண்டனையும், தலைமுறை தலைமுறையாகச் சொத்தாகக் கைமாறும் நிலையும் ரௌலிங் சேர்த்தவை. மரபு கேட்காத விலங்கைப் பூட்டியவர், சாவியைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டவர்.

தவிர, அடிமைகள் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள் என்ற வாதம் வரலாற்றில் யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைமுறையைக் காத்து நின்ற ஜார்ஜ் ஃபிட்ஸ்ஹியூ 1857இல் வெளியிட்ட நூலில், தென்னாட்டு அடிமைகளே உலகின் மிக மகிழ்ச்சியான மக்கள் என்று வாதிட்டார். ரௌலிங்கின் சொந்த நாட்டு வரலாறோ இன்னும் நெருக்கமானது. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. அடிமைகளுக்கு அன்று, உடைமையாளர்களுக்கு. விடுதலை பெற்றோர் பெரும்பாலோர் ‘பயிற்சி’ என்ற பெயரில் 1838 வரை பழைய எசமானர்களிடமே கட்டாய உழைப்புச் செய்ய வேண்டியிருந்தது. உடனே விட்டால் அவர்களால் வாழத் தெரியாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. விங்கியின் கதையை அந்த நியாயத்திற்குச் சான்றாகவும் வாசிக்கலாம்; விடுதலைக்குப்பின் வாழ வழி செய்யாத சமூகத்தின் மீதான குற்றப்பத்திரிகையாகவும் வாசிக்கலாம். இரண்டில் எது என்று தீர்மானிக்க வேண்டிய நூல், தீர்மானிக்காமலேயே முடிந்துவிட்டது. ஹெர்மயனியின் வழிமுறையில் பிழை உண்டு என்பதை மறுக்கவில்லை. குறளிகளைக் கேளாமலேயே அவர்களுக்காகத் தொப்பி பின்னி ஒளித்து வைத்தாள். அவள் முறை தவறு என்பதனால் அவள் கேள்வி தவறாகிவிடாது.

சிறுவர் நூலில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்பது மூன்றாவது மறுப்பு. எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவதும் இதுவே. இளையோருக்காக எழுதிய பிறர் இதைவிடக் கடினமான முடிவுகளைத் தந்திருக்கிறார்கள். பிலிப் புல்மன் 2000இல் தம் முந்நூல் வரிசையை ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ நூலில் முடித்தபோது, உலகுகளுக்கு இடையிலான வாயில்களை அடைக்கும் பொருட்டு லைராவும் வில்லும் என்றென்றைக்கும் பிரிய வேண்டும் என்ற விலையைக் குறைக்கவில்லை. அர்சுலா லெ குவின் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய ‘எர்த்ஸீ’ வரிசை 1968இல் தொடங்கி 1972இல் மூன்றாம் நூலுடன் முடிந்ததாகவே எல்லாரும் கருதினர். அந்த உலகில் பெரும் மந்திரம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அது ஏன் என்ற கேள்வி பின்னாளில் அவரைத் துரத்தியபோது அவர் பேட்டி கொடுத்துச் சமாளிக்கவில்லை. 1990இல் ‘தெஹானு’ என்னும் நாவலை எழுதினார். தலைசிறந்த மந்திரவாதி கெட் அதில் ஆற்றல் அனைத்தையும் இழந்து ஆடு மேய்க்கிறான். ஒரு விதவையும், எரியூட்டப்பட்டு உருக்குலைந்த ஒரு சிறுமியும் கதையின் நடுவே நிற்கிறார்கள். தான் கட்டிய வீட்டின் அடித்தளத்தைத் தானே தோண்டிப் பார்த்த துணிவு அது.

நான்காவது மறுப்புக்கு இதுவே விடையுமாகும். நூல் வந்த சில நாட்களிலேயே, 2007 ஜூலை இறுதியில் வாசகர் கேள்விகளுக்கு விடையளித்த ரௌலிங், ஹெர்மயனி அமைச்சகத்தில் சேர்ந்து குறளிகளின் நிலையை மேம்படுத்தினாள் என்றார். நல்லது. ஆனால் நூல் எழுதி முடித்தபின் சொல்லப்படுவது உரை, மூலமன்று. உரையாசிரியர் எவ்வளவு பெரியவராயினும், அவரே மூலநூலாசிரியராக இருந்தாலும், பாட்டில் இல்லாததைப் பாட்டுக்குள் ஏற்றிவிட இயலாது. எழுநூறு பக்கத்துக்கு மேல் எழுதத் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரிக்கு இடமில்லாமல் போயிற்று என்பதை எப்படி ஏற்பது?

*

ஏன் இப்படி நேர்ந்தது? ஒரு காரணம் வெளிப்படையானது. தொடரின் தொடக்கக் காலத்திலேயே இறுதிப் பகுதியை எழுதி வைத்துவிட்டதாக ரௌலிங் பலமுறை கூறியிருக்கிறார். பின்னர் திருத்தினாலும் அதன் எலும்புக்கூடு பழையது. அதாவது, கேள்விகள் பிறக்கும் முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. ரயில் நிலையம், மணமான இணைகள், குழந்தைகளின் பெயர்கள் ஆகியவை முதல் நூலின் கதைக்குப் பொருத்தமான முடிவு. ஆனால் இடைப்பட்ட நூல்கள் வளர்ந்துவிட்டன. வளர்ந்த பிள்ளைக்குப் பிறந்தநாள் சட்டையை மாட்டிவிட்டதுபோல் அம்முடிவு தையல் பிரிந்து நிற்கிறது.

மற்றொரு காரணம் ஆழமானது. சாண்ட்விச்சை நினைக்கும் அதே நிமிடங்களில்தான் ஹாரி ஒரு பெருந்துறவையும் செய்கிறான். உலகின் மிக வலிய மந்திரக்கோல் அவன் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு உடைந்துபோன தன் பழைய கோலை மட்டும் ஒட்டவைத்துக்கொண்டு, வலிய கோலை மீண்டும் கல்லறையில் வைத்துவிட முடிவு செய்கிறான். (2011இல் வந்த திரைப்படத்தில் அதை உடைத்து எறிகிறான், நூலில் அப்படியன்று.) அதிகாரத்தைத் துறக்கும் இக்காட்சி உயர்ந்தது, மனமார ஒப்புகிறேன். ஆனால் உலகை ஆளும் கோலைத் துறந்த கை, தன் வீட்டு அடிமையைத் துறக்கவில்லை. பேரதிகாரத்தைத் துறப்பது ஒப்பீட்டளவில் எளிது. அது அயலானது, அச்சுறுத்துவது, துறந்தால் புகழும் கிட்டும். அன்றாட வசதியைத் துறப்பதே கடினம். அது வசதி என்றே கண்ணுக்குத் தெரிவதில்லை. தட்டில் வந்து சேரும் உணவு தானாகவே வந்ததுபோலத் தோன்றும். அலட்சியம், வெறுப்பைவிடக் கூடுதல் தீங்கு செய்யவல்லது என்று டம்பிள்டோர் வாயால் சொல்லவைத்த நூலாசிரியர், அதே அலட்சியத்தைத் தம் கடைசி வாக்கியத்தில் செய்திருக்கிறார்.

இதன் விளைவு நூலோடு நின்றுவிடவுமில்லை. அவ்வுலகைக் களமாகக் கொண்டு 2023இல் வெளிவந்த கணினி விளையாட்டில், ஆடுபவர் எதிர்த்துப் போராட வேண்டிய முதன்மை எதிரி, கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கும் ஒரு கோப்ளின். அதை எழுதியவர் ரௌலிங் அல்லர். ஆயினும் கேள்வியை விடையின்றி விட்டுச் சென்றால், அடுத்து வருபவர் கிரிப்ஹூக்கின் வழக்கை மறந்து அவன் இனத்தின் மிரட்டலை மட்டும் எடுத்துக்கொள்வது வியப்பன்று.

நாவலின் கணக்குப்படி அந்தப் பத்தொன்பது ஆண்டுகள் நிறைவுற்ற நாள் 2017 செப்டம்பர் 1. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் அன்று ரசிகர்கள் கூடிக் கொண்டாடினார்கள். அந்நாளும் நமக்குப் பின்னால் போய்விட்டது. பதினொரு வயதில் முதல் நூலைக் கையிலெடுத்தவர்கள் இன்று பெற்றோர். தம் பிள்ளைகளுக்கு அந்நூல்களை வாங்கிக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். டாபியின் கல்லறைப் பக்கங்களை வாசித்துக் கலங்காத பிள்ளையைவிடக் கலங்கும் பிள்ளை மேல். இறுதி அத்தியாயத்தை முடித்து நூலை மூடும்போது அப்பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்தச் சாண்ட்விச்சைச் செய்தது யார், அவனுக்கு இன்னும் ஆடை கொடுக்காதது ஏன்? பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கும். அது நூல் கற்றுத் தந்த விடைதான். நூல் மட்டுமே அதைச் சொல்லவில்லை.